கேள்வி நேரம்: வெனிஸ் கால்வாயும் வளவுச் சுவரும்

இந்த இதழில் ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளைச் சேர்த்துத் தருகிறோம்: ஐரோப்பிய நகரங்களைக் காட்டும் பழைய ஓவியங்களைக் கையால் நகலெடுப்பது, நகலை வாங்குவது, அதை நம் வீடுகளில் மாட்டிப் பாதுகாப்பது. கேட்டவர்கள் பெரும்பாலும் செட்டிநாட்டு வாசகர்கள். அதனால் பதில்களும் அந்த ஊர்களின் வெயில், மழை, சுண்ணாம்புச் சுவர் ஆகியவற்றை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன.

இத்தாலிய ஓவியர் கனலெட்டோ வரைந்த வெனிஸ் நகரத்து கிராண்ட் கால்வாய் நுழைவாயிலை எங்கள் வளவுக்காக (வீட்டின் உள்முற்றப் பகுதி) 4 அடிக்கு 3 அடி அளவில் எண்ணெய் வண்ணத்தில் நகலெடுக்க ஆசை. ஓரளவு வரையத் தெரியும். எங்கே தொடங்குவது? (வாசகி, காரைக்குடி)

அளவிலிருந்து தொடங்குங்கள். 1730 வாக்கில் வரையப்பட்ட அந்த ஓவியம் அமெரிக்காவில் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 50 செ.மீ. உயரம், 74 செ.மீ. அகலம். 4 அடிக்கு 3 அடி என்று கேன்வாஸ் அடித்தால் இந்த விகிதம் வராது. மேலே வானம் நீளும், அல்லது பக்கத்தில் ஒரு கட்டடம் வெட்டுப்படும். 120 செ.மீ. அகலம், 81 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ3 தாளில் 40-க்கு 27 செ.மீ. அளவில் படத்தை அச்சிட்டால், கேன்வாஸ் சரியாக அதன் மூன்று மடங்கு. தாளில் 2 செ.மீ. கட்டம், கேன்வாஸில் 6 செ.மீ. கட்டம். இடப்பக்கம் சலூட்டே தேவாலயம் இருக்கும் பகுதியில் மட்டும் இதையும் பாதியாகப் பிரித்து, தாளில் 1 செ.மீ., கேன்வாஸில் 3 செ.மீ. என்று போடுங்கள். வானத்துக்கு அவ்வளவு கட்டம் தேவையில்லை.

மரச்சட்டம் 4 செ.மீ. அகலமுள்ள, நன்கு காய்ந்த மரத்தில் இருக்கட்டும். இந்த அளவுக்கு நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் கட்டாயம். மூலைகளை ஆணியடித்து இறுக்கிவிடாமல், ஆப்பு செருகும் வகையில் செய்யச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் துணி தளர்ந்தால் ஆப்பை மெல்லத் தட்டி இறுக்கிக்கொள்ளலாம். ஆணியடித்த சட்டத்தில் அதற்கு வழியே இல்லை. துணிக்கு ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு மூன்று முறை: முதலாவது கிடைமட்டமாக, அடுத்தது செங்குத்தாக, மூன்றாவது மறுபடியும் கிடைமட்டமாக. ஒவ்வொன்றும் காய்ந்தபின் 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். துணியின் நெசவு துருத்திக்கொண்டிருந்தால் கனலெட்டோவின் நேர்கோடுகள் பல்லுப் பல்லாக உடையும்.

அடுத்தது அடித்தள நிறம். பலர் வெள்ளைக் கேன்வாஸிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். நகல் வெளிறிப்போக முதல் காரணம் இதுதான். கனலெட்டோ 1720-களின் தொடக்கத்தில் செம்பழுப்பு அடித்தளத்தின் மேல் வரைந்தார். பிறகு வெளிர் நிறத்துக்கு மாறினார். இந்த ஓவியத்துக்கு வெள்ளையுடன் மஞ்சள் ஓக்கரும் துளி ரா அம்பரும் (பழுப்பு) கலந்த மணல் நிறம் பொருந்தும். கட்டடத்தின் நிழலிலும் நீரின் இடுக்குகளிலும் இந்த நிறம் கொஞ்சம் எட்டிப் பார்த்தால்தான் படம் முழுக்க ஒரே வெயிலில் இருப்பதாகத் தோன்றும்.

இனி வரைதல். கட்டங்களைக் கரியால் போடுங்கள். பென்சில் வேண்டாம், ஆண்டுகள் போகப்போக எண்ணெய் வண்ணம் கண்ணாடித்தன்மை அடையும், அப்போது பென்சில் கோடு வெளியே தெரியும். கட்டடத்தின் கூரைக்கோட்டையும் அடிக்கோட்டையும் நீட்டிப் பாருங்கள். இரண்டும் சேரும் இடம் மறைபுள்ளி. அங்கே ஒரு குண்டூசியைக் குத்தி, நூல் கட்டி, கொத்தனார் நூல் பிடிப்பது போலவே ஒவ்வொரு சன்னல் வரிசைக்கும் நூலைப் பிடித்துச் சரிபாருங்கள். கனலெட்டோவே ஸ்கேலும் காம்பஸும் வைத்து, கூர்முனையால் கோடு கீறி வரைந்தவர்தான். அந்தக் கீறல்கள் அவருடைய படங்களில் இன்றும் தெரிகின்றன. ஆகவே கருவி வைத்து வரைவதில் தயக்கம் வேண்டாம். சலூட்டே தேவாலயத்தின் குவிமாடத்துக்கு முதலில் நடுக்கோடு. ஒரு பாதியை வரைந்து டிரேசிங் தாளில் எடுத்து, மடித்து, மறுபாதிக்கு மாற்றுங்கள். கையால் மட்டும் வரைந்தால் குவிமாடம் ஒரு பக்கம் சரியும். பார்ப்பவர் கண் நேராக அங்கேதான் போகும்.

கோடுகள் சரியென்று உறுதியானதும், டர்பன்டைனில் நீர்த்த ரா அம்பரால் மெல்லிய பிரஷில் அவற்றை எழுதுங்கள். ஒருநாள் கழித்துக் கரியைத் துணியால் தட்டிவிடுங்கள். அதே பழுப்பில் நிழல் பகுதிகளை மட்டும் நிரப்பி, மூன்று நாள் காயவிடுங்கள்.

வண்ணக் குழாய்களை வாங்கும்போது பெயரைவிட நிறமி எண்ணைப் பாருங்கள். பிரஷ்யன் நீலம் பி.பி. 27, டைட்டானியம் வெள்ளை பி.டபிள்யூ. 6, வெனிஸ் சிவப்பு பி.ஆர். 101, மஞ்சள் ஓக்கர் பி.ஒய். 43, அம்பர் வகைகள் பி.பி.ஆர். 7. இந்த ஐந்தோடு ஐவரி கறுப்பு ஒன்று போதும். ‘ஹியூ’ என்று பெயரில் சேர்ந்திருந்தால் அது வேறு நிறமிகளைக் கலந்த பதிலி. பிரஷ்யன் நீலம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்டது; கனலெட்டோ அதை ஆரம்பத்திலேயே எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர். அந்த வானத்தை அல்ட்ராமரின் நீலத்தால் போட்டால் ஊதா தட்டும். ஆனால் பிரஷ்யன் நீலத்துக்கு வீரியம் அதிகம். ஒரு நெல்லிக்காய் அளவு வெள்ளைக்குப் பாதி மிளகு அளவு நீலத்தில் தொடங்கி, தேவைப்பட்டால் கூட்டுங்கள். டைட்டானியம் வெள்ளை பழைய ஈய வெள்ளையைவிடக் குளிர்ச்சியானது என்பதால் அதில் துளி ஓக்கர் கலந்துவைப்பது நல்லது. ஈய வெள்ளையைத் தேடி அலைய வேண்டாம், அது நஞ்சு. துத்தநாக வெள்ளையை மட்டும் வைத்து வரைவதும் தவறு. காய்ந்தபின் நொறுங்கும் தன்மை அதற்கு உண்டு.

எண்ணெய் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். ஹார்டுவேர் கடையில் மரச்சாமானுக்கு விற்கும் ‘டபுள் பாயில்டு’ ஆளிவிதை எண்ணெய் ஓவியத்துக்கு ஆகாது, சீக்கிரமே கறுக்கும். ஓவியர்களுக்கான சுத்திகரித்த எண்ணெயே வாங்குங்கள். டர்பன்டைனை வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். காய்ந்தபின் வளையமாகக் கறை நின்றால் அதில் பிசின் இருக்கிறது. முதல் பூச்சில் டர்பன்டைன் மட்டும். நடுப்பூச்சுக்கு ஒரு பங்கு எண்ணெய்க்கு இரண்டு பங்கு டர்பன்டைன். கடைசிப் பூச்சுக்குச் சரிபாதி. எண்ணெய் அதிகமுள்ள பூச்சு கீழே போய்விட்டால், மேல்பூச்சு முதலில் காய்ந்து, கீழ்ப்பூச்சு பிறகு அசையும். வெடிப்பு விழுவது அதனால்தான்.

வானம், தூரத்துக் கட்டடம், பக்கத்துக் கட்டடம், நீர், படகு, மனிதர்கள் என்ற வரிசையை மாற்றாதீர்கள். வானம் நன்றாகக் காயுமுன் பாய்மரக் கோடுகளை இழுத்தால் கோடு கலங்கி நீலத்தில் கரையும். நீரின் அடிநிறம் காய்ந்தபிறகு சிற்றலைகளை நீண்ட மயிருள்ள ‘ரிக்கர்’ பிரஷால் போடுங்கள், 0 அல்லது 1 எண். அவை சின்னச்சின்ன வளைந்த வெளிர் கீற்றுகள். முன்னால் நீளமாக, இடைவெளிவிட்டு. தூரம் போகப்போகக் குட்டையாக, நெருக்கமாக. எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் போட்டால் நீர் படுத்திருக்காது, சுவர் மாதிரி எழுந்து நிற்கும். மனிதர்களுக்கு முகம் வரைய முயலவே வேண்டாம். கனலெட்டோவின் படகோட்டியைப் பெரிதாக்கிப் பாருங்கள்: சட்டைக்கு ஒரு தடித்த பொட்டு, தலைக்கு ஒரு பொட்டு, வெயில் படும் தோளில் ஒரு வெள்ளைத் தீற்றல். அவ்வளவுதான். நிழலுக்குத் தனிக் கறுப்பைத் தொடாமல் அம்பர், பிரஷ்யன் நீலம், துளி வெனிஸ் சிவப்பு மூன்றையும் கலந்து எடுங்கள்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரைக் காட்டும், அந்நாட்டு ஓவியர் வெர்மீரின் ஓவியத்துக்கு இரண்டு அச்சுப்படங்கள் வைத்திருக்கிறேன். ஒன்று மஞ்சளாகவும் இன்னொன்று நீலமாகவும் இருக்கின்றன. எதைப் பார்த்து நகலெடுப்பது? (வாசகர், தேவகோட்டை)

மஞ்சளானது 1994-க்கு முந்தைய நிழற்படத்திலிருந்து வந்திருக்கலாம். அந்த ஆண்டில்தான் ஹேக் நகரின் மவுரிட்சுஹைஸ் அருங்காட்சியகம் ஓவியத்தைச் சீரமைத்தது. பழைய வார்னிஷ் மஞ்சளாகிப் படம் முழுவதையும் மூடியிருந்தால், அந்த மஞ்சள் வெர்மீருடையது ஆகாது. அதையும் சேர்த்து நகலெடுப்பவர் அழுக்கை நகலெடுக்கிறார். இப்போதுள்ள உயர் துல்லியப் படத்தை அருங்காட்சியகத்தின் தளத்திலேயே பார்க்கலாம். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் தன் ஓவியங்களை இப்படித் திறந்து வைத்திருக்கிறது; வெர்மீரின் ‘சிறு தெரு’ அங்கே இருக்கிறது.

டெல்ஃப்ட் ஓவியம் 96.5-க்கு 115.7 செ.மீ. இதன் உயிர் வெளிச்சம் விழும் இடத்தில் இருக்கிறது. முன்னாலிருக்கும் வாயிற்கட்டடங்கள் மேக நிழலில் கிடக்க, பின்னாலிருக்கும் ‘புதிய தேவாலயம்’ என்ற பெயருள்ள தேவாலயத்தின் கோபுரத்தில் வெயில். நகலெடுப்பவர்கள் முன்பகுதியை ‘நன்றாகத் தெரியட்டும்’ என்று வெளிச்சமாக்கிவிடுகிறார்கள். அதோடு படம் செத்துவிடும். முன்வரிசைச் செங்கல்லின் அதிக வெளிச்சம்கூடக் கோபுரத்தின் மிகக் குறைந்த வெளிச்சத்தைவிட இருண்டிருக்க வேண்டும். படத்தைக் கறுப்பு வெள்ளையில் ஒரு அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இதைக் கண்டுபிடிப்பது எளிது. இடப்பக்கச் செங்கூரை சொரசொரப்பாக, தடித்த வண்ணத்தில் இருக்கிறது. அங்கே வண்ணத்தை வழவழப்பாக இழுக்காதீர்கள்.

அக்ரிலிக்கில் வரையலாமா? (வாசகி, புதுவயல்)

அடிப்பூச்சு வரை வரையலாம். மேலே எண்ணெய்தான். சித்திரை வெயிலில் அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துவிடும். வெனிஸ் வானத்தில் நீலம் வெள்ளைக்குள் கரைவதற்கு நேரம் கிடைக்காது. அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் ஏறும். எண்ணெயின் மேல் அக்ரிலிக் பிடிக்காமல் உரியும்.

பிரெஞ்சு ஓவியர் பிசாரோவின் பாரிஸ் இரவுத் தெருவை 6 அடி அகலத்துக்கு வரைந்து தருவதாக ஒருவர் சொல்கிறார். எங்கள் பட்டாலைச் சுவர் பெரியது. ஒப்புக்கொள்ளலாமா? (வாசகர், கானாடுகாத்தான்)

வேண்டாம் என்போம். மோன்மார்த்ர் அகல்வீதியை 1897-இல் ஒரு விடுதியின் மாடி அறையிலிருந்து பார்த்து பிசாரோ பலமுறை வரைந்தார். அவற்றில் இரவுக்காட்சி ஒன்றுதான். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள அது 53-க்கு 65 செ.மீ. அளவே. 6 அடிக்குக் கொண்டுபோனால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அவருடைய 1 செ.மீ. தீற்றல் 3 செ.மீ. ஆகும். விளக்காகத் தெரிந்தது வெறும் மஞ்சள் திட்டாக நிற்கும். ஓவியர் அதைச் சமாளிக்கத் தீற்றல்களைச் சிறிதாக்கி எண்ணிக்கையைக் கூட்டுவார். அப்போது அது பிசாரோ அல்ல.

பெரிய சுவருக்குப் பிறவியிலேயே பெரிய ஓவியத்தைத் தேர்ந்தெடுங்கள். இத்தாலிய ஓவியர் பெல்லொத்தோ 1748-இல் வரைந்த, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரக் காட்சி 133-க்கு 237 செ.மீ. பிரெஞ்சு ஓவியர் காய்பொத்தின் ‘பாரிஸ் தெரு, மழைநாள்’ 1877-இல் வரையப்பட்டது, சிகாகோவில் இருக்கிறது, 212-க்கு 276 செ.மீ. அதைப் பாதியாக்கினாலும் மூன்றரை அடி உயரம், நாலரை அடி அகலம் வரும். பெரிதைச் சிறிதாக்கும்போது இழப்பு குறைவு.

மூன்று கட்டங்களில் நிழற்படம் அனுப்ப வேண்டும் என்று முன்பணம் கொடுக்குமுன்பே ஓவியரிடம் பேசிக்கொள்ளுங்கள்: கோடு வரைந்ததும், பழுப்பு அடிப்பூச்சு முடிந்ததும், வண்ணம் முடிந்ததும். கோட்டுக் கட்டத்தில் திருத்தம் சொன்னால் அவருக்கும் சிரமமில்லை. சன்னல்களை எண்ணுங்கள். கோபுரத்தின் உயரத்தை ஸ்கேலால் அளந்து அகலத்தோடு ஒப்பிடுங்கள். சதுர அடிக்கு விலை பேசுவதும் அவ்வளவு சரியல்ல. பாதி வானமாக உள்ள ஓவியத்துக்கும், முழுக்கக் கட்டடமும் ஆட்களுமாக உள்ள ஓவியத்துக்கும் உழைப்பு ஒன்றில்லை.

காரைக்குடிப் பழம்பொருள் கடையில் ஒரு வெனிஸ் படம் பார்த்தேன். கையால் வரைந்தது என்கிறார்கள். தொட்டால் பிரஷ் தடம் தெரிகிறது. நம்பலாமா? (வாசகர், பள்ளத்தூர்)

தடத்தை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது. அச்சின் மேல் நிறமற்ற ஜெல்லைத் தடவித் தடம் உண்டாக்குவது இப்போது சாதாரணம். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். மேடு எங்கே இருக்கிறது, நிறம் எங்கே மாறுகிறது என்று பாருங்கள். கையால் வரைந்ததில் படகின் விளிம்பில் மேடு இருந்தால் நிறமும் அங்கேயே மாறும். ஜெல் பூசியதில் மேடு ஒரு பக்கம் ஓடும், படம் வேறு பக்கம் ஓடும்.

பிறகு 10 மடங்கு லென்ஸ். நகைக்கடைக்காரர் வைத்திருப்பதே போதும். ஒழுங்கான புள்ளி வட்டங்கள் தெரிந்தால் ஆஃப்செட் அச்சு. பொடித் தூறல் போலத் தெரிந்தால் இங்க்ஜெட். கல்லச்சில் ஒழுங்கற்ற புள்ளிகள் இருக்கும். நம் பக்கத்து வீடுகளில் பழைய ஒலியோகிராஃப்கள் (எண்ணெய் ஓவியம் போலத் தோன்றும் வண்ணக் கல்லச்சுப் படங்கள்) நிறைய உண்டு. ரவிவர்மா 1894-இல் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் எல்லாருக்கும் தெரியும். ஐரோப்பாவிலிருந்தும் இயற்கைக் காட்சிகள் இதே முறையில் அச்சாகின. அவற்றில் சிலவற்றுக்குத் துணி நெசவு மாதிரி அழுத்தி, மேலே வார்னிஷ் பூசியிருப்பார்கள். அப்படியிருந்தால் அது பழைய அச்சு. அதற்கென்று மதிப்பு உண்டு, ஆனால் ஓவியத்தின் விலை கொடுக்க வேண்டியதில்லை. படத்தைத் திருப்பிக் கேன்வாஸின் ஓரத்தையும் பாருங்கள். சட்டத்தில் மடித்த இடத்தில் வண்ணம் ஒழுங்கின்றி வழிந்திருப்பது நல்ல அறிகுறி. பஞ்சில் டர்பன்டைன் தொட்டுத் துடைத்துப் பார்க்கச் சொன்னால் செய்யாதீர்கள். அசலாக இருந்தால் அதைக் கெடுத்துவிடுவீர்கள்.

முட்டை வெள்ளைக்கரு கலந்த பழைய சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் நகல் ஓவியத்தை மாட்ட வேண்டும். ஆணி அடித்தால் பூச்சு உதிர்கிறது. மழைக்காலத்தில் பூஞ்சையும் வருகிறது. (வாசகி, ஆத்தங்குடி)

அந்தப் பூச்சைத் திரும்பச் செய்வது கடினம், எனவே துளையில்லாத வழியை முதலில் பாருங்கள். மேலே உத்தரமோ, கதவு நிலைக்கு மேல் மரப்பட்டையோ இருந்தால் அதில் கொக்கி போட்டுச் சங்கிலியில் தொங்கவிடலாம். பழைய வீடுகளில் படங்களை முன்புறம் சாய்த்து மாட்டியதிலும் பயன் இருக்கிறது: தூசி நேராகப் படியாது, பின்னால் காற்று போகும். துளைதான் வழி என்றால், அந்த இடத்தில் ஒட்டுநாடாவை ஒட்டி, டிரில்லின் சுத்தியல் இயக்கத்தை நிறுத்திவிட்டு, மெதுவான வேகத்தில் துளையுங்கள். பூச்சு பல அடுக்காக இருக்கும். அதைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போனால்தான் திருகு பிடிக்கும், 6 செ.மீ. ஆழமாவது வேண்டும். 120-க்கு 81 செ.மீ. படம் தேக்குச் சட்டத்தோடு 8, 9 கிலோ வரும். ஒற்றை ஆணியை நம்பாமல் இரண்டு இடத்தில் தாங்குங்கள்.

சட்டத்தின் கீழ்மூலைகள் இரண்டிலும் 1.5 செ.மீ. தடிமனில் மரக்கட்டையோ கார்க்கோ ஒட்டுங்கள். பூஞ்சை பெரும்பாலும் சுவருக்கும் துணிக்கும் இடையே நிற்கும் ஈரக்காற்றால் வருகிறது. தரையிலிருந்து ஈரம் ஏறி உப்புப் பூக்கும் உயரம் எதுவரை என்று கார்த்திகையில் பார்த்து வைத்துக்கொண்டு, அதற்கு மேலே மாட்டுங்கள். வளவில் நேர்வெயில் விழும் சுவரும், சாரல் அடிக்கும் சுவரும் வேண்டாம். எண்ணெய் ஓவியத்தைக் கண்ணாடிக்குள் அடைப்பது நல்லதல்ல. அப்படியே போட்டாலும் கண்ணாடி வண்ணத்தைத் தொடாதபடி இடைவெளி விடுங்கள்.

வார்னிஷ் அவசரப்பட்டுப் பூசக் கூடாது. வண்ணம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் வந்துவிடும். ஆனால் உள்ளே காய 6 மாதம் முதல் ஓர் ஆண்டு வரை ஆகும். மிகத் தடித்த இடத்தில் நகத்தை மெல்ல அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் இன்னும் காயவில்லை. ஈரக்காற்று உள்ள நாளில் பூசினால் வார்னிஷ் பால் படர்ந்த மாதிரி மங்கும், எனவே மாசி, பங்குனியில் வெயில் ஏறிய முற்பகல் நேரம் நல்லது. தூசியை மென்மையான உலர் பிரஷால் மேலிருந்து கீழே தட்டினால் போதும். ஈரத்துணி, வெங்காயம், உருளைக்கிழங்கு, தேங்காயெண்ணெய் இவை எதுவும் ஓவியத்தைத் தொடக் கூடாது.

நகலை விற்கலாமா? சட்டச் சிக்கல் வருமா? (வாசகர், கோட்டையூர்)

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஓவியர் இறந்த ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். கனலெட்டோ (1768), பெல்லொத்தோ (1780), பிசாரோ (1903) ஆகியோர் விஷயத்தில் கவலையில்லை. பாரிஸ் தெருக்களை வரைந்த உத்ரியோ 1955-இல் இறந்தார். அவர் படங்களுக்கு இங்கே 2015-ஓடு முடிந்தது. மழையில் நனைந்த பாரிஸை வரைந்த எதுவார் கோர்த்தேஸின் படங்களைத்தான் பலர் யோசிக்காமல் நகலெடுக்கிறார்கள். அவர் இறந்தது 1969. இந்தியாவில் 2029 முடியும்வரை அனுமதியின்றி விற்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 70 ஆண்டுக் கணக்கு என்பதால் அங்கே அனுப்பினால் இன்னும் பத்தாண்டு.

மூல ஓவியரின் கையெழுத்தை மட்டும் போடாதீர்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் அனுமதி பெற்று நகலெடுப்பவர்களுக்கும் அதே விதிதான். அளவும் அசலிலிருந்து வேறுபட வேண்டும். பின்புறம் மூல ஓவியரின் பெயர், ‘நகல்’ என்ற சொல், உங்கள் பெயர், ஆண்டு ஆகியவற்றை மரச்சட்டத்தில் எழுதுங்கள். துணியின் முதுகில் எழுதினால் மை முன்பக்கம் ஊறும்.

இந்த ஓவியங்களை அந்தக் காலத்து நிழற்படமாக எடுத்துக்கொள்ளலாமா? (மாணவி, தேவகோட்டை)

ஓவியரைப் பொறுத்தது. கனலெட்டோ அழகுக்காகக் கட்டடத்தை நகர்த்துவார். வெனிஸின் ரியால்தோ பாலத்துக்குக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ திட்டமிட்டும் கட்டப்படாத வடிவத்தைக் கட்டியதாகவே வரைந்திருக்கிறார். அவருடைய சகோதரி மகன் பெல்லொத்தோ கட்டடங்களைப் பெரும்பாலும் நுணுக்கமாகப் பதிந்தவர். அவருடைய வார்சா ஓவியங்கள் இரண்டாம் உலகப் போரில் இடிந்த அந்நகரத்தைத் திரும்பக் கட்டும்போது துணைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. டிரெஸ்டன் ஓவியத்தில் அரசவைத் தேவாலயக் கோபுரம் சாரம் கட்டிய நிலையில் நிற்கிறது. நகலெடுக்கும்போது ‘அழகாக இல்லை’ என்று அந்தச் சாரத்தை எடுத்துவிடாதீர்கள்.

இதே பாணியில் எங்கள் ஊர்த் தெருவை வரைய முடியுமா? (வாசகர், கடியாபட்டி)

தாராளமாக. செட்டிநாட்டுத் தெருக்கள் நேராக ஓடுகிறவை. ஒற்றை மறைபுள்ளிக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. தரையில் நின்று பார்ப்பதைவிட எதிர்வீட்டு மாடியிலிருந்து பாருங்கள். கண்மட்டம் உயர்ந்தால் தெருவின் தரை விரியும், ஆட்களுக்கு இடம் கிடைக்கும். காலை 7 மணி வாக்கில் கிழக்கு மேற்குப் பக்கங்களில் ஒன்று வெயிலிலும் மற்றது நிழலிலும் இருக்கும்.

சுண்ணாம்புச் சுவரைத் தனி வெள்ளையில் போடாதீர்கள். வெயில் பக்கத்துக்கு வெள்ளையில் ஓக்கர். நிழல் பக்கத்துக்கு வெள்ளை, பிரஷ்யன் நீலம், துளி அம்பர். செம்மண் தரையின் வெளிச்சம் பட்டுச் சுவரின் அடிப்பகுதி மட்டும் இளஞ்சிவப்பாகத் தெரியும், அங்கே வெனிஸ் சிவப்பு கொஞ்சம். முகப்பின் மேலுள்ள கஜலட்சுமிச் சுதைக்குக் கண் மூக்கு வரையாமல் நிழலை முதலில் போட்டு, வெயில் படும் விளிம்பை மட்டும் தடித்த வண்ணத்தில் தொட்டுவிடுங்கள். மின்கம்பிகளை வைப்பதா விடுவதா என்பதைக் கோட்டு நிலையிலேயே முடிவுசெய்யுங்கள். வைப்பதானால் வானம் காய்ந்தபிறகு, ரிக்கர் பிரஷை எண்ணெயில் நன்றாக நனைத்து, நடுவில் நிறுத்தாமல் ஒரே இழுப்பில் போட வேண்டும்.